குடி, போதைப் பழக்கம் உள்ளவரின் வலி: வார்டு செவிலியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேஸ் ஷீட்டில் வலி ஊசிக்கு நேராக "எஸ்.ஓ.எஸ்." என்று எழுதிவிட்டு டூட்டி டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். தேவைப்பட்டால் மட்டும் கொடுங்கள் என்பது அதன் பொருள். எந்தப் பழக்கமும் இல்லாத நோயாளிக்கே இது அரைகுறை ஏற்பாடு. குடியோ மாத்திரையோ பழக்கப்பட்டவருக்கு இது பொறி. வலிக்கிறது என்று அவர் வாய்விட்டுக் கேட்டால் "ஊசிக்கு அலையுறாரு" என்ற பேர் வரும். கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தால் "நல்லாத்தானே இருக்காரு" என்று மருந்து வராது. மூன்றாவது முறை கத்திக் கேட்டவுடன் ஹேண்ட்ஓவரில் "தொல்லை கேஸ்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவரைக் கெஞ்ச வைப்பது பெரும்பாலும் நம்முடைய மருந்து நேரம்தான். அதனால் இந்த வழிகாட்டியில் சொல்லப்போகும் வேலை இரண்டே இரண்டு: நோயாளி கேட்பதற்கு முன்பே மருந்து வந்து சேரும்படி செய்வது, அந்த மருந்தால் அவருடைய மூச்சு குறையாமல் பார்த்துக்கொள்வது. மீதியெல்லாம் இவற்றின் விவரம்.

ஜிப்மர், புதுச்சேரி இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் மருத்துவக் கல்லூரி என்று எங்கே டூட்டி பார்த்தாலும் இந்த நோயாளி உங்கள் வார்டில் இருப்பார். புதுச்சேரியில் சாராயக் கடைக்கும் கள்ளுக்கடைக்கும் அரசே உரிமம் தருகிறது. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் முள்ளோடை, கன்னியக்கோயில் தாண்டும்போதே கடைகள் தெரியும். எலும்பு முறிவு, கணைய அழற்சி, வாய்ப்புற்று, தீக்காயம் என்று எந்த வார்டும் இதற்கு விலக்கு அல்ல.

கீழே வரும் மருந்தளவுகள் நீங்கள் புரிந்துகொண்டு கேள்வி கேட்பதற்காக. கொடுப்பது மருத்துவரின் எழுத்து உத்தரவுப்படியும் உங்கள் மருத்துவமனையின் நடைமுறைப்படியும்தான்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்துக்கொள்வோம். தேவனாம்பட்டினத்து மீனவர், 45 வயது. சனிக்கிழமை இரவு புதுச்சேரியிலிருந்து பைக்கில் திரும்பும்போது விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, 10 மணிக்கு ஆம்புலன்ஸில் வந்து இறங்குகிறார்.

முதல் படி: கடைசியாகக் குடித்த நேரத்தை எழுதுங்கள்

"குடிப்பீங்களா?" என்று கேட்டால் "எப்பவாச்சும் சிஸ்டர்" என்ற பதில் தயாராக இருக்கும். பக்கத்தில் மனைவி நின்றால் அதுவும் வராது. அட்டெண்டரை மருந்துச் சீட்டோடு பார்மசிக்கு அனுப்பிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, பழக்கம் இருக்கிறது என்று தெரிந்தவர் பேசுவதுபோலக் கேளுங்கள்: "அண்ணே, தெனமும் எவ்ளோ ஆவும்? குவார்ட்டரா, ஆஃபா? சாராயமா, பிராந்தியா? இன்னிக்கு கடைசியா எத்தனை மணிக்கு? காலையில எழுந்ததும் கை நடுங்குமா, ஒரு கட்டிங் போட்டாத்தான் நிக்குமா? முன்ன எப்பவாச்சும் குடிய நிறுத்தினப்ப வலிப்பு வந்திருக்கா?"

கடைசி இரண்டு கேள்விகள் தங்கம். காலை நடுக்கமும் பழைய வலிப்பும் உள்ளவருக்கு இந்த முறையும் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம்.

கணக்கு ஒன்று கையில் இருக்கட்டும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. 42.8 சதவீத சரக்கு என்றால் அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 10 கிராமை ஓர் அலகு என்று கொண்டால் ஆறு அலகு. "ஒரே ஒரு குவார்ட்டர்தான்" என்று அவர் சிறியதாகச் சொல்வது மருத்துவக் கணக்கில் சிறியது இல்லை.

விபத்துக் கேஸில் இன்னொரு சிக்கல் உண்டு. எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்கும் சட்டப் பதிவு) போட்டிருப்பார்கள், இன்சூரன்ஸ் பணம் போய்விடும் என்று குடும்பமே குடியை மறைக்கும். "யாருக்கும் தெரியாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், கேஸ் ஷீட் கோர்ட்டுக்கும் போகும். சொல்ல வேண்டியது இதுதான்: "நாளைக்கு ராத்திரி உங்களுக்கு வலிப்பு வராம தடுக்கத்தான் கேக்குறேன். சொல்லலைன்னா மயக்க மருந்து டாக்டருக்கும் தெரியாம போயிடும்." பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

ஹான்ஸ், கூல் லிப், பீடி, கஞ்சா, தூக்க மாத்திரை, வலி மாத்திரை எல்லாவற்றையும் இதே மூச்சில் கேட்டுவிடுங்கள். புகையிலை நின்ற எரிச்சலே இரண்டாம் நாள் வலியைக் கூட்டிக் காட்டும். நிக்கோட்டின் சூயிங்கம் எழுதச் சொல்லலாம். தினமும் அல்பிரசோலம் மாதிரி மாத்திரை போட்டவருக்கு அது திடீரென்று நின்றாலும் வலிப்பு வரலாம்.

இரண்டாம் படி: கடிகாரத்தை ஓட விடுங்கள்

நம் மீனவர் கடைசியாகக் குடித்தது சனி இரவு 8 மணி என்று வையுங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு 6 மணி நேரம் கழித்துத் தொடங்கலாம், அதாவது ஞாயிறு அதிகாலை 2 மணி. வலிப்புக்கான அபாய நேரம் அப்போதிலிருந்து திங்கள் இரவு 8 வரை. ஆள் இடம் தெரியாமல் பிதற்றும் கடுமையான நிலை 48 முதல் 96 மணி நேரத்துக்குள், அதாவது திங்கள் இரவிலிருந்து புதன் இரவு வரை. இந்த மூன்று நேரங்களையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். ஞாயிறு அல்லது திங்கள் அறுவை சிகிச்சை என்றால், ஆபரேஷன் முடிந்த வலியும் குடி நின்ற நடுக்கமும் ஒரே இரவில் மோதும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நாடித்துடிப்பு 120, ரத்த அழுத்தம் ஏற்றம், வியர்வை, கட்டிலில் புரள்வது, தூக்கமின்மை எல்லாம் வலிக்கும் உண்டு, குடி நின்றாலும் உண்டு. பிரித்துப் பார்க்கச் சில வழிகள்: இரண்டு கையையும் நீட்டி விரலை விரிக்கச் சொல்லுங்கள், நடுக்கம் தெரிகிறதா பாருங்கள். "செவுத்துல ஏதாவது ஊருதா? மேல பூச்சி ஊருற மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று கேளுங்கள். காலை அசைத்தால் மட்டும் முகம் சுளித்து, அசையாமல் வைத்தால் அமைதியானால் அது முறிவின் வலி.

குடி நின்ற துன்பம் எவ்வளவு என்று அளக்கத்தான் சி.ஐ.டபிள்யூ.ஏ. அளவுகோல் இருக்கிறது. 10 கேள்விகள், மொத்தம் 67 மதிப்பெண். 8-க்குக் கீழே என்றால் லேசானது. 8 முதல் 15 நடுத்தரம். அதற்கு மேல் கடுமை. ஆனால் பதற்றம், வியர்வை, தலைவலி என்று அதிலுள்ள சில கேள்விகளுக்கு வலியே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். எனவே வலி மருந்து கொடுத்த பிறகு ஒருமுறை திரும்பப் போட்டுப் பாருங்கள். எண் இறங்கினால் அதில் ஒரு பங்கு வலியால் ஏறியதுதான்.

எது என்று முடிவாகாவிட்டால் இரண்டுக்கும் மருந்து வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். குடி நின்ற நடுக்கத்துக்குக் கொடுக்கும் டயசிபாம், லோரசிபாம் வகை வலியைக் குறைக்காது. வலி ஊசி குடி நின்ற வலிப்பைத் தடுக்காது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதற்கும் அதுவே போதும் என்று நினைப்பதுதான் இரவு டூட்டியில் அதிகம் நடப்பது. ஈரல் கெட்டவர் என்றால் லோரசிபாம் ஏற்றது.

குளுக்கோஸ் ட்ரிப் தொங்குவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போயிருக்கிறதா என்று பாருங்கள். உடம்பில் தயமின் வற்றிய குடிநோயாளிக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிப்பு வரலாம். அது முதல் நாளில் எழுதப்படாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று: பிதற்றுகிறார் என்றவுடன் "குடி இறங்குது" என்று முத்திரை குத்தாதீர்கள். பைக்கிலிருந்து விழுந்தவர். தலைக்குள் ரத்தக்கசிவு, சர்க்கரை இறக்கம், ஆக்சிஜன் குறைவு, நீள எலும்பு முறிவில் கொழுப்புத் துகள் நுரையீரலுக்குப் போவது எல்லாமே பிதற்றலாகத்தான் வரும். சர்க்கரையும் ஆக்சிஜனும் கண்மணியும் பார்த்துவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: வலியை அளப்பது

0 முதல் 10 வரை எண் சொல்லச் சொன்னால் நம் ஊர் நோயாளிகள் பாதிப் பேர் "பத்துக்கு மேல" என்பார்கள். அதனால் பைசாக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்: "வந்தப்ப நூறு பைசா வலின்னா, இப்ப எத்தனை பைசா?" எண்பது, அம்பது என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதைவிட முக்கியம், வலியால் என்ன செய்ய முடியவில்லை என்பது. இருமுகிறாரா, புரண்டு படுக்கிறாரா, இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாரா, கால் விரலை அசைக்கிறாரா? எண்ணோடு இவற்றையும் எழுதினால் "சும்மா சொல்றான்" என்ற வாதத்துக்கே இடம் இருக்காது. பேச முடியாதவர், வென்டிலேட்டரில் உள்ளவர் என்றால் முகபாவம், கை இறுக்கம், கருவியோடு ஒத்துப்போவது ஆகியவற்றை வைத்து அளக்கும் அட்டைகள் ஐ.சி.யூ.வில் இருக்கும்.

போன் பார்த்துக்கொண்டு சிரித்தார், அதனால் வலி இல்லை என்பது வார்டில் சொல்லப்படும் மோசமான வாதங்களில் ஒன்று. நாள்பட்ட வலியுள்ளவர்கள் சிரிக்கவும் செய்வார்கள், தூங்கவும் செய்வார்கள். மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்கச் செவிலியர் 1968-லேயே சொன்னது: அனுபவிக்கிறவர் எதை வலி என்று சொல்கிறாரோ அதுதான் வலி. பழக்கம் உள்ளவரிடம் மட்டும் இந்த விதி செல்லாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் கால் போகிற விஷயம். முழங்காலுக்குக் கீழே முறிந்தவர் மருந்து கொடுத்த பிறகும் வலி ஏறுகிறது, ஊசி அடிக்கடி கேட்கிறார் என்றால் முதல் சந்தேகம் போதை ஆசையின் மேல் விழக்கூடாது. தசைப் பைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் அடைபடும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் அப்படித்தான் தொடங்கும்: காயத்துக்குப் பொருந்தாத வலி, வலி மருந்து தேவை திடீரென்று கூடுவது. கால் கட்டைவிரலை நீங்களே மெல்ல மேலே வளைத்துப் பாருங்கள். கெண்டைக்காலில் அலறல் வந்தால் அது அடையாளம். கெண்டை கல்லாக இறுகியிருக்கும். விரலிடுக்கில் மரத்துப்போகும். பாத நாடி இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள், அது கடைசியில்தான் போகும். ஆர்த்தோ டாக்டரைக் கூப்பிடுங்கள், இறுக்கமான கட்டை அவர் சொல்படி தளர்த்துங்கள், காலை இதயத்தின் மட்டத்தில் வையுங்கள், தலையணை அடுக்கி உயர்த்த வேண்டாம். சில மணி நேரம் தாமதித்தால் தசை திரும்பாது. "குடிகாரன் கத்துறான்" என்று கதவைச் சாத்தும் இரவுகளில்தான் இது தப்பிப்போகும்.

வயிற்று வலியிலும் இதேபோல ஒரு கண்ணி உண்டு. குடித்து 12 மணி நேரம், ஒரு நாள் கழித்து வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல், வேகமான மூச்சு என்று வந்தால் மெத்தனால் விஷம் என்று உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் கள்ளச்சாராயம் குடித்தவர்களுக்கு நடந்தது இதுதான். ஜிப்மருக்கும் நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். வலி ஊசி போட்டு வார்டில் படுக்கவைக்கிற கேஸ் இல்லை அது.

நான்காம் படி: நேரத்துக்கு மருந்து

ரவுண்ட்ஸில் நீங்கள் கேட்க வேண்டியது: "சார், இதை எஸ்.ஓ.எஸ்.னு இல்லாம ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைன்னு எழுதித் தர்றீங்களா? இடையில வலிச்சா கூடுதலா என்ன கொடுக்கலாம்னும் எழுதிடுங்க." நேரம் குறித்த மருந்து ஒன்று, இடைவலிக்கு ஒன்று. இந்த இரண்டு வரிகள் கேஸ் ஷீட்டில் வந்துவிட்டால் இரவுச் சண்டைகளில் பாதி குறையும்.

அடிப்படையாகப் பாராசிட்டமால். சாதாரணமாக நாளுக்கு 4 கிராம் வரை. தொடர்ந்து குடிப்பவர், ஒல்லியானவர், ஈரல் சுருங்கியவர் என்றால் 2 கிராமோடு நிறுத்துவது வழக்கம். ட்ரிப்பிலும் மாத்திரையிலும் சளி மருந்திலும் ஒரே பாராசிட்டமால் மூன்று பேரில் ஓடுகிறதா என்று கூட்டிப் பார்ப்பது உங்கள் வேலை. டைக்ளோஃபினாக், கீட்டோரோலாக் ஊசிகள் நல்ல வலி மருந்துகள்தான், ஆனால் ஈரல் சுருக்கம், ரத்த வாந்தி, கிரியாட்டினின் ஏற்றம் (சிறுநீரகக் கோளாறின் அடையாளம்) இருந்தால் ஆபத்து. வயிறு வீங்கியிருக்கிறது, கண் மஞ்சள் என்று கண்ணில் பட்டால் ஊசியை ஏற்றும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ட்ரமடாலை எல்லா வார்டிலும் கை நீட்டி எடுப்பார்கள். அது வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்தும். குடி நின்ற 48 மணி நேரத்துக்குள் இருப்பவருக்கு அது பொருந்தாத தேர்வு. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் கவனம். "லேசான மருந்து" என்ற பேரால் அது தப்பித்துக்கொள்கிறது; 2018 முதல் அதுவும் நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்த மருந்து.

எலும்பு முறிவுக்கு மிக நல்ல வழி நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து போடுவது. மயக்க மருந்து டாக்டரிடம் பிளாக் போட முடியுமா என்று ஆர்த்தோ சார்பில் கேட்கச் சொல்லுங்கள். ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை மருந்தின் அளவு பெரிதும் குறையும். ஒரே எச்சரிக்கை: மரத்த காலில் மேலே சொன்ன கம்பார்ட்மென்ட் வலி மறைந்துவிடும், அதனால் தொட்டுப் பார்ப்பது இன்னும் அடிக்கடி வேண்டும்.

அப்படியும் போதாவிட்டால் மார்ஃபின். குடிப்பழக்கம் இருப்பதால் மார்ஃபின் கூடாது என்று சட்டமும் இல்லை, மருத்துவமும் இல்லை. போதைப்பொருள் சட்டம் 1985-இல் வந்தது. 2014-இல் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் போன்றவற்றை அத்தியாவசிய மருந்துகளாக்கி, வலிக்குக் கிடைக்கும் வழியை எளிதாக்கினார்கள். நரம்பில் சிறுசிறு அளவாகக் கொடுத்து, வலி குறையும் அளவைக் கண்டுபிடிப்பார்கள். ஒன்றை மனதில் வையுங்கள்: குடிப்பவருக்கு மார்ஃபின் அதிகம் தாங்கும் என்பது தவறு. ஆல்கஹாலுக்குப் பழகிய உடம்பு ஓபியாய்டுக்குப் பழகியதாகாது.

மார்ஃபின் எழுதிய அன்றே மலமிளக்கியும் எழுத வேண்டும்.

ஐந்தாம் படி: மாத்திரை, ஊசிப் பழக்கம் உள்ளவர்

இப்போது கட்டிலில் வேறொருவர். 22 வயதுத் தம்பி. டேபென்டடால் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றியதில் முழங்கையில் சீழ்க்கட்டி. இவருக்குத்தான் ஓபியாய்டு தாங்குதிறன் உண்மையிலேயே இருக்கும். வழக்கமான அளவு வேலை செய்யாது. அது நடிப்பு இல்லை. நீண்ட நாள் ஓபியாய்டு ஓடிய உடம்பில் வலி நரம்புகளே கூர்மையாகிவிடுவதும் உண்டு, தொட்டாலே துடிப்பார்.

மருந்து நின்றால் கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்செறிதல், கண்மணி விரிதல், வயிற்றுப் பிடிப்பு, பேதி வரும். கடைசியாக எடுத்த 8 மணி நேரத்திலிருந்து தொடங்கலாம். உயிருக்கு ஆபத்து குறைவு, ஆனால் தாங்க முடியாத வேதனை. அதோடு சீழ் வெட்டிய வலியும் சேர்ந்தால் ஆள் டிஸ்சார்ஜ் சொல்லாமலே போய்விடுவார், சீழ் ரத்தத்தில் ஏறித் திரும்பி வருவார்.

ஒரு மருந்தை இவருக்குக் கொடுக்கக் கூடாது: பென்டசோசின். நம் பக்க ஆஸ்பத்திரிகளில் கைப்பழக்கமாகப் போடும் ஊசி அது. ஓபியாய்டுக்குப் பழகிய உடம்பில் அது சில நிமிடங்களில், மருந்து நின்றால் வரும் முழு விலகல் துன்பத்தையும் கிளப்பிவிடும். பியூட்டார்ஃபனாலும் அப்படியே. உத்தரவில் இருந்தால் ஊசியில் ஏற்றும் முன் போன் எடுங்கள்.

ஏற்கெனவே ஓபியாய்டு பழக்கத்துக்கான சிகிச்சையில் பியூப்ரெனார்ஃபின் நாவின் கீழ் வைப்பவர் அல்லது மெத்தடோன் குடிப்பவர் என்றால் அது தொடர வேண்டும். ஆபரேஷனுக்கு என்று நிறுத்துவதால் நன்மை இல்லை. எந்த மையத்தில் வாங்குகிறார், எத்தனை மில்லிகிராம், கடைசியாக எந்த நாள் என்று அந்த மையத்துக்கே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். தினம் ஒரு வேளை மருந்து ஏக்கத்தை 24 மணி நேரம் அடக்கும். வலியை அடக்குவது 6 முதல் 8 மணி நேரம்தான். அதே அளவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துத் தரலாமா என்று கேட்பது நல்ல கேள்வி. அதற்கு மேலே வலிக்கான மருந்து தனியாக வேண்டும்.

பழக்கத்தை விட, ஓபியாய்டின் வேலையை அடைக்கும் நால்ட்ரெக்ஸோன் சாப்பிடுபவர் நேர் எதிர்: மார்ஃபின் ஏறாது. திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் மாத்திரையை 3 நாள் முன்பே நிறுத்துவார்கள். அவசர கேஸில் மரப்பு மருந்தும் மற்றவையும்தான் துணை. அடைப்பை முறிக்க மார்ஃபினை ஏற்றிக்கொண்டே போனால், நால்ட்ரெக்ஸோன் இறங்கும் நேரத்தில் மூச்சு நிற்கும்.

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் சோதனை முடிவுகள் கட்டிலுக்குப் பக்கத்தில் கேட்கும்படி பேசக்கூடியவை அல்ல.

ஆறாம் படி: கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள்

நரம்பு ஊசி என்றால் 15 முதல் 30 நிமிடத்தில், மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்தில் திரும்பப் போய்ப் பார்த்து எழுதுங்கள். வலி எத்தனை பைசா, மயக்கம் எப்படி, மூச்சு எத்தனை. இந்த வரிசையில் மயக்கம்தான் முதலில் எச்சரிக்கும். மூச்சு குறைவது அதற்குப் பிறகுதான். பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் முடியாமல் தூங்கி விழுந்தால் அடுத்த ஊசி கிடையாது, டாக்டருக்குச் சொல்லுங்கள், பக்கத்திலேயே இருங்கள். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 10-க்குக் கீழே போனால் அவசரம். மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது ஆக்சிமீட்டர் 98 காட்டிக்கொண்டே இருக்கும், மூச்சு குறைவதை அது மறைத்துவிடும். கருவியை நம்பி எண்ணுவதை விடாதீர்கள்.

லோரசிபாமும் மார்ஃபினும் ஒரே நேரத்தில் ஓடும் நோயாளி நர்ஸ் ஸ்டேஷனுக்கு எதிர்க் கட்டிலில் இருக்க வேண்டும். இரவு 2 முதல் 5 வரை மற்ற வேலைகள் குறையும் நேரத்தில் இவரைப் பார்ப்பது கூட வேண்டும்.

மார்ஃபினை முறிக்கும் நலாக்ஸோன் எமர்ஜென்சி ட்ரேயில் இருக்கிறதா என்று ஷிஃப்ட் தொடக்கத்திலேயே பாருங்கள். 0.4 மில்லிகிராம் ஆம்பூலை சலைனோடு சேர்த்து 10 மில்லியாக்கினால் ஒரு மில்லிக்கு 0.04 மில்லிகிராம். உத்தரவுப்படி ஒரு மில்லி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து இன்னொரு மில்லி என்று, மூச்சு சீராகும்வரை. முழு ஆம்பூலையும் ஒரேயடியாகத் தள்ளினால், பழக்கப்பட்டவருக்கு வலியும் விலகல் துன்பமும் சேர்ந்து வெடிக்கும். மூச்சு நின்றே போனவருக்கு இந்தச் சிக்கனம் வேண்டாம். அங்கே முதலில் ஆம்பு பேக், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை. நலாக்ஸோனின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீரும், மார்ஃபின் அதற்குப் பிறகும் இருக்கும். எழுந்து பேசினார் என்று கண்காணிப்பை எடுத்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: பேச்சு

முதல் நாளே உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ஆறு மணி, பன்னெண்டு மணி, இப்படி நேரத்துக்கு ஊசி வந்துடும், நீங்க கேக்கவே வேணாம். நடுவுல தாங்கலைன்னா மணி அடிங்க, அதுக்கும் ஒன்னு எழுதியிருக்கு. வலி சுத்தமா போயிடாது. நீங்க இருமுற அளவுக்கு, தூங்குற அளவுக்குக் குறைப்போம். ரொம்ப மயக்கமா இருந்தா மட்டும் நான் ஊசிய நிறுத்துவேன், அது உங்க மூச்சுக்காக." பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். 12 மணி ஊசி 1.30-க்கு வந்தால் நம்பிக்கை அன்றே போய்விடும். அடுத்த வேளைக்கு அவர் 11 மணிக்கே கூச்சலிட ஆரம்பிப்பார், அதில் தப்பும் இல்லை.

பகல் சிஸ்டர் தந்தார், இரவு சிஸ்டர் தரவில்லை என்ற நிலை வரக்கூடாது. திட்டத்தை ஒரே தாளில் எழுதி கேஸ் ஷீட்டின் மேலே வையுங்கள்.

சந்தேகம் வந்தால் டிஸ்டில்டு வாட்டரை வலி ஊசி என்று சொல்லிப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதில் வலி குறைந்தாலும் எதுவும் நிரூபணம் ஆகாது. உண்மையான வலியுள்ளவர்களுக்கும் அப்படிக் குறையும். நோயாளியை ஏமாற்றுவது என்பதற்கு மேல் அதில் மருத்துவம் எதுவும் இல்லை. யார் சொன்னாலும் போடாதீர்கள்.

வீட்டாரையும் பேச்சில் சேருங்கள். "கொஞ்சம் வலிக்கட்டும் சிஸ்டர், அப்பத்தான் புத்தி வரும்" என்று மனைவி சொல்வார். அதற்குப் பின்னால் எத்தனை வருட அடி, கடன், பட்டினி என்று நமக்குத் தெரியாது, திருத்தப் போகாதீர்கள். "அக்கா, வலி தாங்காமதான் பாதிப் பேர் மறுபடி பாட்டிலத் தேடுறாங்க. இப்ப வலியக் குறைச்சு வச்சாத்தான் விடுறதப் பத்திப் பேசவே முடியும்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அந்த மனைவி சொல்வதைத் தனியாக, ஒரு டீ நேரம் கேட்பதும் வேலையில் சேர்த்திதான்.

எட்டாம் படி: வார்டுக்குள் வரும் பாட்டில்

நண்பர்கள் பார்க்க வரும்போது ஜூஸ் பாட்டிலில், தண்ணீர் பாட்டிலில் சரக்கு வரும். வாசனை தெரிந்தால் அலறாதீர்கள். அன்றைய லோரசிபாம், மார்ஃபின் வேளையை நிறுத்தி வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள், மயக்கமும் மூச்சும் பாருங்கள், எழுதுங்கள். கட்டில் ஓரத்தில் தொங்கும் சானிடைசர் பாட்டிலை எடுத்து நர்ஸ் ஸ்டேஷனுக்கு மாற்றுங்கள்; அதையும் குடிப்பார்கள்.

நாவின் கீழ் மாத்திரை என்றால் கரையும்வரை நின்று வாயைத் திறந்து பாருங்கள். ஆம்பூல் கணக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருவர் கையெழுத்தோடு. மீந்ததை இன்னொருவர் பார்க்கக் கொட்டுங்கள். இது நோயாளியை மட்டும் சந்தேகித்து அல்ல. ஆம்பூல் தொலைவது நம் பக்கத்திலும் நடக்கும்.

ஒன்பதாம் படி: விட்டவரின் பயம்

மூன்று வருடமாகக் குடிக்காதவர், குடியை விட்டவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டத்துக்கு வாரம் தவறாமல் போகிறவர், குடலிறக்க ஆபரேஷனுக்கு வருகிறார். "எனக்கு எந்த ஊசியும் வேணாம் சிஸ்டர், வலிச்சா தாங்கிக்கிறேன்" என்பார். இவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது, அப்படியே விடவும் கூடாது. தாங்காத வலியே மறுபடி குடிக்குத் தள்ளலாம் என்று சொல்லுங்கள். மரப்பு மருந்தும் பாராசிட்டமாலும் முதலில். ஓபியாய்டு தேவைப்பட்டால் எத்தனை நாள், எப்போது நிற்கும் என்று முதலிலேயே தேதி குறித்துச் சொல்லிவிடுங்கள். கூட்டத்து நண்பர் ஒருவர் வார்டில் வந்து உட்காரட்டும், பார்வையாளர் நேரத்தில் கொஞ்சம் தளர்வு கொடுக்கலாம். ஓபியாய்டை விட்டு மறுவாழ்வு மையத்திலிருந்து வருபவருக்கு இன்னோர் ஆபத்து: பழைய தாங்குதிறன் போயிருக்கும். முன்பு எடுத்த அளவை நினைத்து யாரும் மருந்தை ஏற்றிவிடக் கூடாது.

வாய்ப்புற்று முற்றி வலியோடு வருபவர் இன்றும் குடித்தால்கூட வாய்வழி மார்ஃபின் அவருக்கு உரியதுதான். ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்துக்கு வேண்டிய மாத்திரையை மட்டும் கொடுத்து, அதை வீட்டில் ஒருவர் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

பத்தாம் படி: டிஸ்சார்ஜ்

நம் ஊர்களுக்கே உரிய சிக்கல் இது. நோயாளி வீடு கடலூர் மாவட்டம், ஆபரேஷன் புதுச்சேரி, தையல் பிரிப்பது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், மனநலப் பிரிவு இன்னோர் இடம். அங்கிருக்கும் சிஸ்டருக்கு நீங்கள் கொடுத்தனுப்பும் தாளைத் தவிர வேறு தகவல் கிடைக்காது. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இவை இருக்கின்றனவா என்று கையில் கொடுக்கும் முன் பாருங்கள்: எந்த வலி மருந்து, கடைசி வேளை எந்தத் தேதி எத்தனை மணிக்கு, எத்தனை மாத்திரை கையில் கொடுத்தோம், என்றைக்கு நிறுத்த வேண்டும். லோரசிபாம் குறைத்துக்கொண்டே வரும் அட்டவணை இருந்தால் அதுவும். தயமின் மாத்திரை தொடர வேண்டும் என்பதும். பாராசிட்டமாலின் உச்ச அளவைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்: "500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம்."

ஓபியாய்டு மாத்திரை கொடுத்தால் சில நாளுக்கு மட்டும். மறு வருகைத் தேதியை மாத்திரை தீரும் நாளுக்கு முந்தைய நாளாக வையுங்கள். தீர்ந்த மறுநாள் என்று வைத்தால் அந்த ஒரு இரவில் அவர் கடைக்குப் போய்விடுவார்.

பழக்கத்தை விட உதவும் மருந்துகளை அவசரமாக ஆரம்பிக்க வேண்டாம் என்பதையும் தாளில் குறியுங்கள். மார்ஃபின் வகை ஓடியவருக்கு நால்ட்ரெக்ஸோன் தொடங்க 7 முதல் 10 நாள் இடைவெளி வேண்டும். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் மாத்திரை அல்ல. அப்படி விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள், வீட்டாரிடம் வெளிப்படையாகவே எச்சரியுங்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

தாளின் கடைசியில் இரண்டு எண்கள் பெரிய எழுத்தில்: போதை மீட்பு உதவி 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம். மனைவியின் போனிலும் அவற்றைச் சேமித்துக் கொடுத்துவிட்டு, மனநலப் பிரிவு ஓ.பி. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் சீட்டு போட வேண்டும், எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்பதை வாயால் ஒருமுறை சொல்லி, அவர் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வைத்து அனுப்புங்கள்.